களைமருந்து அடிக்கும் முன்

கர்நாடகத்துக் கொள்ளேகால் சமவெளியில் மல்பெரியும் கரும்பும் மஞ்சளும். எளந்தூர் தாண்டிப் பிளிகிரிரங்கன் மலை ஏறினால் நிழல் மரங்களுக்கு அடியில் அராபிகா காபி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மோரிஸ் குடும்பம் அத்திக்கானில் காபி வைத்தது. இன்று அந்த மலையின் பழங்குடிகளான சோலிகர் குடும்பங்களும் சிறு துண்டு நிலங்களில் காபி வளர்க்கிறார்கள். குடகிலும் கீழ்ப்பழனி மலையிலும் காபிக்கு ஊடே ஆரஞ்சு நிற்பது பழைய வழக்கம். கிணறோ போர்வெல்லோ உள்ள சமவெளித் தோட்டங்களில் எலுமிச்சை.

இந்த எல்லாத் தோட்டங்களுக்கும் பொதுவான தலைவலி களை. ஆள் கிடைப்பதில்லை, கூலி ஏறிவிட்டது, அருவாள் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. கடைக்குப் போனால் ஒரு டப்பாவை எடுத்துத் தருகிறார்கள். அதைக் கொண்டுவந்து அடிப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இந்த அத்தியாயத்தில்.

காபிக்கும் எலுமிச்சைக்கும் ஏன் தனிக் கவனம்

நெல் வயலில் அகன்ற இலைக் களையை மட்டும் கொல்லும் மருந்து உண்டு. நெல் புல் வகை, களை வேறு வகை, ஆகவே மருந்தால் பிரித்துப் பார்க்க முடிகிறது. காபியும் எலுமிச்சையும் அகன்ற இலைச் செடிகள். பார்த்தீனியத்தையும் உண்ணிச்செடியையும் கொல்லும் மருந்து இவற்றின் இலையில் பட்டால் இவற்றையும் தாக்கும். தோட்டத்தில் அதிகம் புழங்கும் கிளைபோசேட்டும் பாராகுவாட்டும் பச்சையாக எது இருந்தாலும் விடாது. பயிரைக் காப்பாற்றுவது மருந்தின் குணம் அல்ல, துளி எங்கே விழுகிறது என்பதுதான்.

இலை மட்டுமே வாசல் என்று நினைக்க வேண்டாம். இளம் காபித் தண்டும் எலுமிச்சைக் கன்றின் தண்டும் பச்சையாக இருக்கும் வரை, தண்டின் தோலே மருந்தை உறிஞ்சும். எலுமிச்சையில் அடிமரத்திலிருந்து வரும் நீர்ப்போத்துகள் இன்னும் மோசம். அவை தரையை ஒட்டியே இருப்பதால் களையோடு சேர்ந்து நனைந்துவிடும். கிளைபோசேட் போத்து வழியே மரத்துக்குள் இறங்கும். ஆகையால் போத்துகளை முதலில் கையால் கிள்ளி எடுங்கள். வெட்டுக்காயம் ஆறும் வரை, குறைந்தது ஒரு வாரமாவது, மருந்து டேங்க் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

வேரையும் சொல்ல வேண்டும். காபியின் உணவு வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் படர்ந்திருக்கின்றன. எலுமிச்சைக்கும் அப்படியே. மண்வெட்டியால் ஆழக் கொத்தினால் வேர் அறுபடும். எலுமிச்சையில் அந்தக் காயம் வழியே பிசின் வடியும் நோய் ஏறும். களைமருந்தை விவசாயி நாடுவதற்கு இதுவும் ஒரு நியாயமான காரணம். மருந்தே கூடாது என்று சொல்வது இந்த அத்தியாயத்தின் நோக்கம் அல்ல.

அருவாளுக்குப் பிறகுதான் டேங்க்

மலைச்சரிவில் மழைக்காலத்தில் தரையை முழுக்க மொட்டையாக்குவது எந்த மருந்தாலும் ஈடு செய்ய முடியாத நஷ்டம். ஒரு பலத்த மழையில் மேல்மண் ஓடைக்குப் போய்விடும். பருவமழைக்குள் களையை அருவாளாலோ களைவெட்டி இயந்திரத்தாலோ கணுக்கால் உயரத்துக்கு வெட்டி, வெட்டியதை அங்கேயே போட்டுவிடுவது மேல். மழை முடிந்த பிறகு, அறுவடைக்கு முந்தைய சுத்தக் களையெடுப்பில் செடியைச் சுற்றி மட்டும் கையால் எடுக்கலாம். காபி அடர்ந்து நிழல் கட்டிய தோட்டத்தில் களை தானாகவே குறைந்துவிடும். மருந்தைத் தேடும் பிரச்சினை பெரும்பாலும் புதுநடவிலும், கவாத்து முடிந்து வெயில் இறங்கும் இடங்களிலும், வழித்தடங்களிலும், வேலியோரத்திலும்தான் எழுகிறது. அங்கே மூடாக்கு போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். சருகு, உரிக்கப்பட்ட காபித் தோல் மக்கு, தட்டைப்பயறு, எதுவானாலும் சரி. வெறும் மண்ணை விட்டு வைத்தால்தான் களை அதைத் தேடி வருகிறது.

கோரையும் அருகும் வேறு கதை. அருவாள் வெட்ட வெட்ட அவை தழைக்கும், கிழங்கிலிருந்தும் தண்டிலிருந்தும் முளைக்கும். இங்கே மருந்துக்கு இடம் உண்டு. அப்போதும் திட்டுத் திட்டாக, அவை நிற்கும் இடத்தில் மட்டும்.

பிளிகிரிரங்கன் மலையில் காபி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2011 முதல் அந்த மலை புலிகள் காப்பகம். அங்குள்ள சோலிகரின் காபி, மருந்தே காணாத காபி என்ற பெயரோடு விலை பெறக்கூடியது. அந்தப் பெயரை ஒரு டேங்க் மருந்தால் இழப்பது பண நஷ்டம். இந்தியக் காபியில் பெரும்பகுதி ஏற்றுமதியாகிறது. ஐரோப்பாவில் வாங்குபவர்கள் களைமருந்து எச்சத்தைப் பரிசோதனைக் கூடத்தில் அளக்கிறார்கள்.

கீழே விழுந்த கனி

இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான வழிகாட்டிகள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன.

காபியில் காய்த்துளைப்பான் பூச்சியை அடக்க வேண்டுமானால் தரையில் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி எடுக்க வேண்டும். எலுமிச்சையில் நம் ஊர் வழக்கமே, காலையில் மரத்தடியில் விழுந்து கிடக்கும் மஞ்சள் பழங்களைக் கூடையில் பொறுக்குவதுதான். ஆக, மரத்தடித் தரை வெறும் தரை அல்ல, அறுவடைக் களம். அங்கே அடித்த மருந்து நேராகப் பழத்தின் தோலில் ஒட்டும். எலுமிச்சையைத் தோலோடு ஊறுகாய் போடுகிறோம், தோலோடு சோற்றுக்குப் பிழிகிறோம். பொறுக்கும் பெண்களின் கையில் அதே மருந்து.

ஆகவே காய் இறங்கும் காலத்தில் மரத்தடியில் களைமருந்து அடிக்காதீர்கள். காபியில் பழம் சிவக்கத் தொடங்கும் முன்பே கடைசிச் சுற்று முடிந்திருக்க வேண்டும். எலுமிச்சை வருடம் முழுதும் கொஞ்சம் கொஞ்சமாய்க் காய்ப்பதால், அடிக்கும் நாளில் முதலில் விழுந்த பழங்களையெல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டு அடியுங்கள். டப்பாவில் எழுதியிருக்கும் காத்திருப்பு நாள் முடியும்வரை அதற்குப் பிறகு விழுந்தவற்றை விற்பனைக்குச் சேர்க்காதீர்கள்.

ஆடு மாடும் இதில் அடக்கம். தோட்டத்துப் புல்லை யாரோ ஒருவர் மாட்டுக்கு அறுத்துக்கொண்டு போவார், கீரை பறிப்பார். அடித்த அன்று காய்ந்திருக்காது, பச்சையாகவே இருக்கும், பார்த்தால் தெரியாது. பாதையோரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, பக்கத்து வீடுகளில் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கடையில்

கொள்ளேகால் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். இங்கே தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைய. கன்னடம் பேசுவார்கள், ஆனால் எழுத்து எல்லோருக்கும் பழக்கமில்லை. டப்பாவின் மேல் அச்சு சிறியது. உள்ளே மடித்து வைத்திருக்கும் துண்டுத்தாளில் பல மொழிகள் இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள், தமிழ்ப் பகுதியைப் படிக்கச் சொல்லி பள்ளிக்கூடப் பிள்ளையிடம் கேட்டாலும் தவறில்லை. அதில் உங்கள் பயிரின் பெயர் இருக்கிறதா என்பதுதான் முதல் பார்வை. பெயர் இல்லாத பயிருக்கு அந்த மருந்து சட்டப்படி இல்லை.

கிளைபோசேட்டில் இது முக்கியம். இந்தியாவில் அதன் பதிவு தேயிலைக்கும் பயிரில்லா நிலத்துக்கும்தான். 2022 அக்டோபரில் மத்திய வேளாண் அமைச்சகம், பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் வழியாக மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று வகைப்படுத்தியது. அமெரிக்க அரசின் முகமை அதை ஏற்கவில்லை. இந்த விவாதம் முடிவதற்குக் காத்திருக்காமல், ‘எல்லோரும் அடிக்கிறார்கள்’ என்ற சமாதானத்தில் காபித் தோட்டத்தில் அதை அடிப்பதை நிறுத்துவதே சரி. பக்கத்துத் தோட்டத்தில் அடித்ததால் உங்களுக்கு வரும் சேதத்தை அடையாளம் காண இதன் குணம் தெரிய வேண்டும், அதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

டப்பாவில் உள்ள நிறச் சதுரத்தையும் பாருங்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற நான்கு நிறங்கள், விழுங்கினாலோ தோலில் பட்டாலோ உடனடியாக எவ்வளவு கொடியது என்பதை மட்டும் சொல்கின்றன. பச்சை இருந்தால் கையுறை வேண்டாம் என்று பொருள் இல்லை. அது உங்கள் காபிச் செடிக்கு ஆகும் என்றும் பொருள் இல்லை.

சந்தேகம் இருந்தால் கடைக்காரருக்குப் பதிலாக ஹரதனஹள்ளியில் உள்ள சாமராஜநகர் கிருஷி விஞ்ஞான கேந்திரத்தையோ, காபி வாரியத்தின் கள அலுவலரையோ கேளுங்கள். காபி ஆராய்ச்சிக்குச் சிக்கமகளூர் மாவட்டத்துப் பாலேஹொன்னூரில் மத்திய நிலையமும் குடகில் செட்டள்ளியில் துணை நிலையமும் இருக்கின்றன. ரசீது வாங்காமல் மருந்து வாங்காதீர்கள். சேதம் வந்தால் கேட்பதற்கு அதுதான் ஆதாரம்.

அளவும் நீரும்

அளவைக் கூட்டினால் களை சீக்கிரம் சாகும் என்ற நம்பிக்கை நம்மிடம் வலுவாக இருக்கிறது. கிளைபோசேட் போன்ற ஊடுருவும் மருந்தில் நேர்மாறாகவும் நடக்கும். அளவு மிஞ்சினால் இலை சட்டென்று கருகி, மருந்து வேருக்கு இறங்கும் வழி அடைபடும். வேர் பிழைத்துத் துளிர்க்கும்.

நீங்கள் உண்மையில் எவ்வளவு நீர் தெளிக்கிறீர்கள் என்று தெரியாமல் அளவு போட முடியாது. ஒரு குண்டே நிலத்தை அளந்துகொள்ளுங்கள், 33 அடிக்கு 33 அடி. டேங்க்கில் வெறும் தண்ணீரை ஊற்றி, வழக்கமான வேகத்தில் நடந்து அந்த இடத்தை நனையுங்கள். எத்தனை லிட்டர் குறைந்தது என்று பாருங்கள். 4 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஏக்கருக்கு 40 குண்டே, ஆகவே 160 லிட்டர், அதாவது 16 லிட்டர் டேங்க் பத்து. டப்பாவில் ஏக்கருக்கு ஒரு லிட்டர் என்று இருந்தால் டேங்க்குக்கு 100 மில்லி. டப்பாவில் ஹெக்டேருக்கு என்று இருந்தால் இரண்டரையால் வகுக்க மறக்க வேண்டாம். பெரும் பிழை அங்கேதான் நேர்கிறது. இன்னொன்று, நீங்கள் வரிசைகளுக்கு நடுவே பட்டையாக மட்டும் அடித்தால் அந்தப் பட்டையின் பரப்புக்குத்தான் கணக்கு, முழு ஏக்கருக்கு அல்ல.

கலங்கிய நீர் கூடாது. கிளைபோசேட்டும் பாராகுவாட்டும் களிமண் துகளில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஏரிக்கரையில் மொண்ட சேற்று நீரில் கலந்தால் பாதி மருந்து தண்ணீரிலேயே செயலிழக்கும். சுண்ணாம்பு அதிகமுள்ள போர்வெல் நீரும் கிளைபோசேட்டைக் கெடுக்கும். களை சாகவில்லையே என்று மறுபடி அடிக்கிறவர்கள், மருந்தைக் குறை சொல்லும் முன் தண்ணீரைப் பார்க்க வேண்டும்.

களைமருந்துக்கு என்று ஒரு தனி டேங்க். இதில் பேரம் இல்லை. 2,4-டி என்ற களைமருந்து அடித்த டேங்க்கில் ஒட்டிய மிச்சமே எலுமிச்சைத் துளிரை முறுக்கப் போதும். அதைக் கழுவிப் பூச்சிமருந்து அடித்துவிடலாம் என்ற எண்ணத்தில் மல்பெரியையும் காய்கறியையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள். டேங்க்கில் பெரிதாகப் பெயின்ட்டால் எழுதி வையுங்கள்.

காற்றும் நாசிலும்

விசிறி வடிவ நாசிலோ, பெருந்துளி விழும் வெள்ள நாசிலோ போடுங்கள். கூம்பு நாசில் பூச்சிமருந்துக்கு. அதன் துளி மிக நுண்ணியது, காற்றில் மிதக்கும். அழுத்தத்தைக் குறையுங்கள். முனைக்குக் கவிழ்த்த கிண்ணம் போன்ற மூடி கடையில் கிடைக்கிறது, வாங்கிப் போடுங்கள். இல்லாவிட்டால் பழைய பிளாஸ்டிக் கேனின் அடிப்பாகத்தை வெட்டிப் பொருத்துங்கள். இளம் காபிக்கும் எலுமிச்சைக் கன்றுக்கும் அருகே அடிக்கும்போது தண்டைச் சுற்றி ஒரு பாக்கு மட்டையைச் சுருட்டி நிறுத்தினால் பெரும் பாதுகாப்பு.

நடுப்பகல் காற்றில் அடிக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். காற்றே இல்லாத விடியலும் ஆபத்து என்பதுதான் தெரியாது. மலையடிவாரத்தில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தங்கி, மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் நிற்கும் நாட்கள் உண்டு. வீட்டு அடுப்புப் புகை மேலேறாமல் குறுக்கே படர்ந்தால் அதுதான் அடையாளம். அப்போது நுண்துளி கீழே விழாமல் நகர்ந்து நகர்ந்து தூரத்துத் தோட்டத்தில் இறங்கும். கொள்ளேகால் சமவெளியில் அந்தப் பக்கத்துத் தோட்டம் மல்பெரியாக இருக்கலாம். மல்பெரி இலையில் விழுந்த மருந்து பட்டுப்புழு வளர்க்கும் குடும்பத்தின் ஒரு சாகுபடியையே கெடுக்கும். பனி காய்ந்து, இலை அசைகிற அளவுக்கு மட்டும் காற்று வீசும் நேரம்தான் அடிக்க ஏற்றது. பக்கத்துத் தோட்டம் காற்றின் போக்கில் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். மழை வரும்போல் இருந்தாலும் வேண்டாம்.

செடியில் பட்டுவிட்டால்

அடித்த அந்தக் கணமே தெரிந்தால் சுத்தமான நீரால் இலையை நன்றாக அலசுங்கள். ஒரு கிளை மட்டும் நனைந்திருந்தால் அன்றே அந்தக் கிளையை வெட்டிவிடுங்கள், மருந்து தண்டுக்குள் இறங்க நேரம் கொடுக்காதீர்கள்.

பாராகுவாட் பட்டால் துளி விழுந்த இடத்தில் இலை வட்டமாகக் கருகும். புதுத் துளிர் சுத்தமாக வரும். கிளைபோசேட் பட்டால் உடனே ஒன்றும் தெரியாது. பல நாள் கழித்து, புதுத்துளிரில் இலை மூங்கில் இலையைப் போலக் குறுகி, நீண்டு, வெளிறி, கணுக்கள் நெருங்கிக் கொத்தாக நிற்கும். துத்தநாகக் குறைவிலும் இலை சிறுத்து இப்படித்தான் தெரியும். பலர் துத்தநாகம் அடித்து அடித்துப் பார்க்கிறார்கள். வித்தியாசம் இடத்தில் இருக்கிறது. சத்துக்குறைவு தோட்டம் முழுவதும் பரவலாக வரும். மருந்துக் காயம் பாதையோரத்து வரிசையிலும், டேங்க் ஆள் நடந்த பக்கத்துக் கீழ்க்கிளையிலும் மட்டும் வரும். எலுமிச்சை இலையில் நரம்பு மட்டும் மஞ்சளாகி நடுப்பகுதி பச்சையாக நின்றால் மண்ணில் போட்ட டையூரான் என்ற களைமருந்து வேர் வழியே ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

சேதப்பட்ட செடிக்கு உரத்தைக் கொட்டாதீர்கள். தண்ணீர் விட்டு, மூடாக்கு போட்டுக் காத்திருங்கள். வளர்ந்த செடி பெரும்பாலும் மீளும். மீளாத இளஞ்செடியை அடுத்த நடவுப் பருவத்தில் மாற்றிவிடுவதே நல்லது.

அடிக்கிறவரின் உடம்பு

மருந்து அடிப்பதில் ஆபத்து அதிகமான நேரம் அடிக்கும் நேரம் அல்ல, டப்பாவைத் திறந்து அளக்கும் நேரம். அப்போதுதான் நீர் கலக்காத மருந்து கையில் படுகிறது, கண்ணில் தெறிக்கிறது. கையுறை, முழுக்கை, கண்ணாடி எல்லாம் அந்த ஐந்து நிமிடத்துக்கே மிக முக்கியம். கையுறை நைட்ரைல் ரப்பராக இருக்கட்டும். துணிக் கையுறை மருந்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டி வைத்திருக்கும், அது வெறும் கையை விட மோசம். லுங்கி கட்டி, வெறுங்காலோடு, நனைந்த களைக்குள் முன்னோக்கி நடப்பது நம் ஊர் வழக்கம். அடித்த இடத்திலேயே கால் வைக்க வேண்டி வருகிறது. பின்னோக்கி நகர்ந்து அடியுங்கள், கம் பூட்ஸ் போடுங்கள், பேன்ட்டை பூட்ஸுக்கு வெளியே விடுங்கள். முதுகில் ஒழுகும் டேங்க்கோடு ஒரு மணி நேரம் கூட வேலை செய்யாதீர்கள். பாராகுவாட் ஈரத் தோல் வழியாகவே ஆளைக் கொன்றிருக்கிறது. கூலிக்கு வந்தவருக்கும் இதெல்லாம் வாங்கிக் கொடுப்பது தோட்டக்காரரின் கடமை.

பாராகுவாட்டைப் பற்றி என் கருத்தை நேராகச் சொல்கிறேன்: வீட்டில் வைக்க வேண்டாம். அதற்கு விஷமுறி மருந்து இல்லை. ஒரு வாய் விழுங்கினால் நுரையீரல் மெல்ல இறுகி, நினைவோடு இருக்கும்போதே மூச்சு நின்று போகும். கேரளம் அதை 2011இல் தடை செய்தது. இலங்கை 2008 தொடங்கி 2011க்குள் படிப்படியாக நிறுத்தியது. அங்கே விஷத்தால் சாகிறவர்கள் குறைந்தார்கள், அதனால் விளைச்சல் விழுந்ததாக ஆய்வுகளில் தெரியவில்லை.

எந்த மருந்தானாலும் பூட்டிய பெட்டியில், சமையலறைக்கு வெளியே, அதன் சொந்த டப்பாவில். கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. 2018 டிசம்பரில் ஹனூர் பக்கம் சுள்வாடி கிச்சுகத்தி மாரம்மன் கோயில் பிரசாதத்தில் பூச்சிமருந்து கலக்கப்பட்டு 17 பேர் இறந்ததை இந்த வட்டாரம் மறக்காது. அது வேண்டுமென்றே செய்யப்பட்ட கொலை. ஆனால் ஒரு டப்பா பூட்டில்லாமல் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தச் சாவுகளைப் பார்த்தபின் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காலி டப்பாவை மூன்று முறை அலசி, அலசிய நீரை டேங்க்கில் ஊற்றி, டப்பாவைத் துளையிட்டுவிடுங்கள். தண்ணீர் மொள்ள எடுத்துப் போகாதபடி.

விஷம் ஏறினால்

தோலில் பட்டால் உடையைக் கழற்றி, சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் இமையை விரித்து, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம். விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், மோர், நாட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், நேரம்தான் போகும். 108ஐ அழையுங்கள். மலைமேல் இருப்பவர்களுக்குப் பிளிகிரிரங்கன் மலையில் விவேகானந்த கிரிஜன கல்யாண கேந்திரத்தின் மருத்துவமனை அருகில் இருக்கிறது. கீழே கொள்ளேகால் அரசு மருத்துவமனை, அங்கிருந்து சாமராஜநகர் அல்லது மைசூர். டப்பாவையோ துண்டுத்தாளையோ கையோடு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவரிடம் ‘களைமருந்து’ என்று மட்டும் சொல்லாமல், உள்ளே இருக்கும் மருந்தின் பெயர், எவ்வளவு உள்ளே போயிருக்கும், எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். பாராகுவாட் என்றால் வாசலிலேயே சொல்லுங்கள்: அந்த ஒரு மருந்துக்கு ஆக்சிஜன் வைப்பது நுரையீரலை மேலும் கெடுக்கக்கூடும், மருத்துவர் முதல் நிமிடத்திலிருந்தே அதை அறிந்திருக்க வேண்டும். டெல்லி எய்ம்ஸில் உள்ள தேசிய விஷத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. எந்த நேரமும் எடுப்பார்கள், மருத்துவரும் அதில் பேசலாம். இந்த எண்ணை மருந்துப் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டிவிடுங்கள்.